காலம் காட்டாப் பெயர்: ‘குடிகாரன்’ என்னும் அடையாளத்தின் வரலாறு

‘குடித்தான்’ என்பது வினைமுற்று. ‘குடித்தவன்’ என்பது வினையாலணையும் பெயர். ‘குடிகாரன்’ என்பது பெயர்ச்சொல். முதலிரண்டும் காலம் காட்டுவன. செயல் நிகழ்ந்து முடிந்தது, இனி அது நிகழாமலும் போகலாம் என்பதற்கு அவை இடமளிக்கின்றன. மூன்றாவது காலம் காட்டாது. நேற்றுக் குடித்தவனையும் இன்று குடிப்பவனையும் பத்தாண்டுகளாகக் குடியாதவனையும் அது வேறுபாடின்றிச் சுட்டவல்லது. ஒரு மனிதனின் செயல் எந்நிலையில் அவனுடைய பெயராகின்றது? அப்பெயரை இடுபவர் யாவர்? அதனை அவனே தன் வாயால் உரைக்கும்போது அவனுக்கு நிகழ்வது யாது? இவ்வினாக்கள் இலக்கணத்தோடு அமைவன அல்ல. வரலாற்றின் துணைகொண்டு ஆராயப்பட வேண்டியன.

மதுவும் ஏனைய போதைப்பொருள்களும் உடலிலும் மூளையிலும் விளைவிக்கும் மாற்றங்கள் மெய்யானவை. மருத்துவ நூல்கள் அவற்றை விரிவாக எடுத்துரைக்கின்றன. ஆயினும், அப்பொருளைப் பயன்படுத்துபவன் தன்னை யாரெனக் கருதுகிறான், சமூகம் அவனை யாரெனக் கருதுகிறது என்பன அப்பொருளின் இரசாயன இயல்பினால் மட்டும் தீர்மானிக்கப்படுவன அல்ல. அவை காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. இம்மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது வட அமெரிக்காவின் வரலாறாகும். குடிகாரன் என்னும் அடையாளம் அங்குத் தண்டனையாகவும், நோயின் பெயராகவும், ஓரினத்தின் மீது சுமத்தப்பட்ட பழியாகவும், இறுதியில் மீட்சிக்கான வழியாகவும் வெவ்வேறு காலங்களில் விளங்கியது.

செயலும் தண்டனையும்

17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவிற் குடியேறிய ஆங்கிலேயருக்கு மது அன்றாட உணவின் ஒரு பகுதியாயிருந்தது. அறுவடை, திருமணம், மரணச் சடங்கு ஆகிய எல்லாவற்றிலும் அது இடம்பெற்றது. சமய ஒழுக்கத்தில் மிகக் கண்டிப்பானவரான பியூரித்தானியர்கூட மதுவை இறைவனின் நற்கொடைகளுள் ஒன்றாகவே கருதினர். அளவுமீறிக் குடித்து வெறிகொள்வதையே அவர்கள் பாவம் என்றனர். 1634ஆம் ஆண்டு மசாசூசெற்ஸ் நீதிமன்றம், வெறித்திருந்த குற்றத்துக்காக றொபேட் கோல்ஸ் என்பவருக்கு ஒரு தண்டனை விதித்தது. வெள்ளைத் துணியின் மீது சிவப்புத் துணியால் தைக்கப்பட்ட ‘டீ’ என்னும் ஆங்கில எழுத்தை அவர் ஓராண்டுக்குக் கழுத்தில் அணிந்து, மேலாடையின் மீது எவரும் காணத் தொங்கவிட வேண்டும் என்பதே அத்தண்டனை. குடிவெறியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது.

இத்தண்டனையின் கொடுமை வெளிப்படை. எனினும் அதிற் கவனிக்கத்தக்க இன்னோர் அம்சமும் உண்டு. அவ்வெழுத்துக்கு ஓர் எல்லை இருந்தது. ஓராண்டு கழிந்ததும் அது கழற்றப்படும். தண்டிக்கப்பட்டது அவர் செய்த செயலேயாம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹரி லெவின் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில், அக்காலச் சிந்தனையில் ‘தடுக்கவியலாத வேட்கை’ என்னும் கருத்தே காணப்படவில்லை எனக் காட்டினார். மனிதர் மிகையாகக் குடித்தது அதனை அவர்கள் விரும்பியதனாலேயே என்று அன்று கருதப்பட்டது. விரும்பியவர் விடவும் முடியும். ஆகவே, பிறரினின்று இயல்பால் வேறுபட்ட தனிவகை மனிதன் ஒருவன் அங்கே இன்னும் தோன்றவில்லை எனலாம்.

மருத்துவர் இட்ட பெயர்

அத்தகைய மனிதனைத் தோற்றுவித்தவர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த மருத்துவர்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் றஷ் அவர்களுள் முதன்மையானவர். 1776ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவரான இவர், 1784இல் வடிசாராயத்தின் விளைவுகள் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். மிகைக்குடி விருப்பத்தில் தொடங்கிப் பழக்கமாகி, ஈற்றில் மனவுறுதியையே மீறும் நோயாகின்றது என்பது அவர் கருத்து. வடிசாராயத்தை அறவே விடுவதே அதற்கு மருந்து என்றார். அவரது கண்டனம் வடிசாராயத்தின் மீதே இருந்தது. பியரையும் திராட்சை மதுவையும் அவர் அத்துணை வெறுத்தாரல்லர். இதே காலத்தில் ஸ்கொத்லாந்தினரான கடற்படை மருத்துவர் தொமஸ் ற்றொட்டர், எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் 1788இல் இப்பொருள் பற்றி ஆராய்ந்தார்; 1804இல் அதனை விரிவான நூலாக வெளியிட்டார். குடிப்பழக்கம் மனத்தின் நோய் என்பதும், மருத்துவர் முதலில் நோயாளியின் நம்பிக்கையைப் பெறவேண்டும் என்பதும் அவருடைய முடிபுகள். 1849இல் சுவீடன் நாட்டு மருத்துவர் மக்னஸ் ஹூஸ் இந்நிலைக்கு ‘அல்கஹோலிசம்’ என்னும் பெயரையே இட்டார்.

இக்கருத்து இருமுகம் கொண்டது. பாவி எனப்பட்டவன் நோயாளியானான், தண்டனைக்குரியவன் இரக்கத்துக்குரியவனானான். இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால், செயலிலே இருந்த குற்றம் இப்போது ஆளுக்குள்ளே குடிபுகுந்தது. செயலை நிறுத்தினாலும் நோய் உள்ளே உறங்குவதாகக் கருதப்பட இடமுண்டாயிற்று. றொபேட் கோல்ஸ் அணிந்த எழுத்தை ஓராண்டின் பின் கழற்ற இயன்றது. மருத்துவர் இட்ட பெயரைக் கழற்றும் நாள் எது என்பதை எவரும் வரையறுக்கவில்லை.

ஓரினத்தின் மீது ஏற்றப்பட்ட பெயர்

தனிமனிதருக்கு மட்டுமன்றி முழு இனத்துக்கும் இத்தகைய பெயர் இடப்பட்டதுண்டு. அமெரிக்க முதற்குடி மக்கள் இயல்பாகவே மதுவை அடக்கியாள இயலாதவர் என்னும் கருத்து குடியேற்றக்காரரிடையே பரவலாக நிலவியது. தோல் வணிகத்தில் றம் சாராயத்தைப் பண்டமாற்றுப் பொருளாக்கியவர்களும், சாராயம் வழங்கி நில ஒப்பந்தங்களை முடித்தவர்களும் இதனைக் கூறியமை குறிப்பிடத்தக்கது. காரணத்தை வணிகத்திலிருந்து குருதிக்கு மாற்றுவது அவர்களுக்கு வசதியாயிருந்தது. இக்கருத்துக்கு உறுதியான உயிரியல் ஆதாரம் எதுவும் பிற்கால ஆய்வுகளிற் கிடைக்கவில்லை.

இரோக்குவா கூட்டமைப்பைச் சேர்ந்த செனெக்கா மக்களின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1779இல் அமெரிக்கப் படை அவர்களுடைய ஊர்களையும் சோள வயல்களையும் எரித்தது. 1784, 1797 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் அவர்கள் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்து சிறு ஒதுக்கிடங்களுள் அடைபட்டனர். வேட்டையும் போரும் தூதும் ஆண்மைக்கு இலக்கணமாயிருந்த சமூகத்தில், அம்மூன்றுக்கும் இனி இடமில்லை என்ற நிலை உருவாயிற்று. அவ்வெறுமையைச் சாராயம் நிரப்பியது. ஆண்டுக்கணக்காகக் குடித்து நோயுற்றுக் கிடந்தவர்களுள் ஹான்ட்சம் லேக் என்னும் முதியவரும் ஒருவர். தலைவர் கோர்ன்பிளான்ரரின் அரைச் சகோதரரான அவர், 1799ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மயங்கி விழுந்து, இறந்தவர்போலக் கிடந்து எழுந்து, தமக்குக் கிடைத்த தரிசனத்தை உரைக்கத் தொடங்கினார்.

அவர் போதனையின் முதற்பொருள் சாராயமே. அது வெள்ளையருக்காக ஆக்கப்பட்டது, தம் மக்களுக்குரியதன்று என்று அவர் போதித்தார். இக்கூற்றில் அடங்கிய மாற்றம் நுண்ணியது. ‘குடி உங்கள் இயல்பு’ என்றது வெளியுலகம். குடி தம் இயல்புக்கு அந்நியமானது என்றார் இவர். விடுவது தன்னை இழப்பதாகாமல் தன்னிடம் மீளுவதாயிற்று. பழைய சடங்குகளும் அறுவடை விழாக்களும் பேணப்பட்டன. நிலத்தை விற்றல் கண்டிக்கப்பட்டது. ஆண்கள் ஏர் பிடிப்பதும் குடும்பத்தைக் காப்பதும் மதிப்புக்குரியன ஆக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்களிற் குடி பெரிதும் குறைந்தமையை அங்குப் பணியாற்றிய குவேக்கர் சமயத்தவர் பதிவு செய்தனர். 1802இல் சனாதிபதி ஜெபர்சன் அவருக்கு எழுதிய மடலில் மதுவிலக்கைப் பாராட்டினார். நிலவிற்பனை பற்றிய அவரது முறையீட்டை மட்டும் ஏற்றுக்கொண்டாரல்லர். ஹான்ட்சம் லேக் 1815இல் மறைந்தார். அவர் போதனை இன்றும் அம்மக்களின் நீள்மனைகளில் ஓதப்படுகின்றது. அந்தொனி வலஸ் என்னும் மானிடவியலாளர் செனெக்கா மக்கள் பற்றி எழுதிய பெருநூலின் தலைப்பிலே அவர்களுடைய மரணத்தையும் மறுபிறப்பையும் இணைத்துக் கூறியமை பொருத்தமே.

கைவிடப்பட்டோரின் குரல்

வெள்ளையர் சமூகத்திலும் குடி பெருகிக்கொண்டே சென்றது. 1830ஆம் ஆண்டளவில் வயதுவந்த அமெரிக்கர் ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 7 கலன் தூய மதுசாரத்துக்கு ஈடான குடிவகைகளை அருந்தினார் என வரலாற்றாசிரியர் றோராபோ கணித்துள்ளார். 1826இல் பொஸ்ரன் நகரில் அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் நிறுவப்பட்டது. மதகுருமாரும் செல்வரும் நடத்திய அச்சங்கம், மிதமாகக் குடிப்போர் குடிகாரராகாமற் காப்பதையே நோக்கமாகக் கொண்டது. ஏற்கெனவே குடிகாரராகியோர் திருந்தார், அவர்கள் விரைவில் இறந்தொழிவர் என்பதே அவ்வியக்கத்தார் பலரின் எண்ணம். பெயர் இங்கே மரண தண்டனைக்கு ஒப்பாயிற்று.

இதற்கு மறுமொழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1840ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், பால்ரிமோர் நகரிலுள்ள ஒரு தவறணையிற் கூடியிருந்த அறுவர், இனிக் குடிப்பதில்லை என உறுதி பூண்டு, ‘வொஷிங்ரன் மதுவிலக்குச் சங்கம்’ என ஒன்றை அமைத்தனர். தையற்காரர், தச்சர், கொல்லர் முதலிய கைவினைஞர்களே அவர்கள். அவர்களுடைய கூட்டங்களிற் சொற்பொழிவு இல்லை; ஒவ்வொருவரும் எழுந்து தம் குடியின் கதையைத் தாமே கூறினர். அதுவரை குருமாரின் பிரசங்கத்தில் எச்சரிக்கைப் பொருளாயிருந்த குடிகாரன், முதன்முதலாகத் தன் கதைக்குத் தானே ஆசிரியனானான். சில ஆண்டுகளுக்குள் பல இலட்சம் பேர் உறுதிமொழியில் ஒப்பமிட்டதாக இவ்வியக்கத்தார் கூறினர். பெண்களும் 1841 முதல் தமக்கெனத் தனிச் சங்கங்கள் அமைத்தனர்.

1842 பெப்ரவரி 22ஆம் திகதி, ஸ்பிறிங்பீல்ட் நகரில் இச்சங்கத்தின் கூட்டத்தில் உரையாற்றிய இளம் வழக்கறிஞர் ஆபிரகாம் லிங்கன், இவ்வெற்றியின் காரணத்தைச் சரியாக இனங்கண்டார். பழைய சீர்திருத்தவாதிகள் குடிகாரனை மேலிருந்து கண்டித்தனர். இவர்களோ நண்பராய் நின்று அழைத்தனர் என்றார். குடிக்கு ஆட்படாதோர் பலர் தப்பியமைக்குக் காரணம் அறிவாலோ ஒழுக்கத்தாலோ உயர்ந்திருந்தமை அன்று, அவ்வேட்கை அவர்களுக்கு இல்லாதிருந்தமையே என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

எனினும் 1840களின் இறுதிக்குள் இவ்வியக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. கதை கூறுவதற்கு மேடை இருந்தது; கூறி முடித்த பின்னர் நாள்தோறும் வாழ்வதற்குரிய ஒழுங்கு போதியளவு வகுக்கப்படவில்லை. மதுவிலக்குக்காரரின் கவனமும் சட்டத்தின் பக்கம் திரும்பியது. மேடையே ஒரு பொறியாகவும் மாறியது. புத்தகம் கட்டும் தொழிலாளியான ஜோன் கோவ் 1842இல் உறுதிமொழி ஏற்று, நாட்டின் மிகப் புகழ்பெற்ற மதுவிலக்குச் சொற்பொழிவாளரானார். 1845இல் நியூயோர்க்கில் அவர் மீண்டும் குடித்துக் கிடந்தமை பத்திரிகைகளிற் பெருஞ்செய்தியாயிற்று. அதிலிருந்து எழுந்து, 1886இல் இறக்கும்வரை அவர் தொடர்ந்து பேசினார். குடியை விட்டு நாற்பது ஆண்டுகளின் பின்னரும் அவருடைய ஊதியமும் புகழும் குடிகாரன் என்னும் பழைய பெயரையே சார்ந்திருந்தன.

தாமே ஏற்ற பெயர்

வொஷிங்ரன் சங்கத்தார் கண்ட உண்மை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1920இல் நடைமுறைக்கு வந்த மதுத்தடை 1933இல் நீக்கப்பட்டது. 1935இல் ஓகாயோ மாநிலத்தின் அக்ரன் நகருக்கு அலுவலாகச் சென்ற நியூயோர்க் பங்குத் தரகர் பில் வில்சன், அவ்வலுவல் தோல்வியுற்றதும் குடிக்கும் வேட்கையால் தாக்கப்பட்டார். சில மாதங்களாகவே அவர் குடியாதிருந்தார். தம்மைக் காக்க இன்னொரு குடிகாரனோடு பேசவேண்டும் என உணர்ந்து, உள்ளூர் அறுவை மருத்துவரான பொப் ஸ்மித்தைச் சந்தித்தார். ஸ்மித் இறுதியாகக் குடித்த நாள் எனக் கொள்ளப்படும் யூன் 10ஆம் திகதியே ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ சங்கத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகின்றது. 1939இல் அதன் நூல் வெளிவந்தது. 1941இல் வாரப் பத்திரிகையொன்று அதனைப் பற்றி எழுதியபோது ஏறத்தாழ 2,000 ஆயிருந்த உறுப்பினர் தொகை, அவ்வாண்டிறுதியில் 8,000 ஆயிற்று.

இச்சங்கத்தில் ஒரு முரண் தோற்றம் உண்டு. உறுப்பினர் தம் குடும்பப் பெயரை மறைத்து, குடிநோயாளர் என்னும் பெயரை வெளிப்படையாக ஏற்கின்றனர். சமூகத்தில் மருத்துவராகவோ தொழிலாளியாகவோ இருப்பவர், கூட்டத்தில் தம் முதற்பெயரைக் கூறித் தாம் ஒரு குடிநோயாளர் என்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். முப்பது ஆண்டுகள் ஒரு துளியும் அருந்தாதவரும் இவ்வாறே கூறுவர். காலம் காட்டாப் பெயர் இங்கே வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. ‘நான் இப்போது குணமடைந்துவிட்டேன், ஏனையோரைப் போல அளவோடு குடிக்கலாம்’ என்னும் எண்ணமே வீழ்ச்சிக்கு வாயில் என்பது அவர்களுடைய அனுபவம். அவ்வாயிலை இப்பெயர் அடைக்கின்றது.

அதே பெயர் வெளியிற் பழியாகவும் உள்ளே துணையாகவும் இருப்பது எவ்வாறு? அதனை அங்கு எவரும் பிறர் மீது சுமத்துவதில்லை. தான் குடிநோயாளனா என்பதை அவனவனே தீர்மானிக்க வேண்டும். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்புரிமைக்குத் தகுதி. அப்பெயரைக் கூறுபவன் தனித்து நிற்பதுமில்லை. அவையிலுள்ள அனைவரும் அப்பெயரினரே. கோவ் மேடையில் தனியே சுமந்த பெயரை இங்கு எல்லோரும் பகிர்ந்து சுமக்கின்றனர். இவ்வழியின் பயனை 2020இல் வெளியான கொக்ரேன் மீளாய்வும் உறுதிப்படுத்தியது. தொடர்ந்து குடியாதிருத்தல் என்னும் அளவுகோலில், இச்சங்கத்தோடு இணைக்கும் முறையான சிகிச்சைகள் ஏனைய உளவியற் சிகிச்சைகளைவிட மேம்பட்ட பயனளித்தன என்பது அதன் முடிபு.

பெயர் பெறாதோர்

இவ்வெற்றியைக் கண்டு, பெயரை ஏற்றாலன்றி மீட்சியில்லை எனக் கொள்வது பொருந்துமா? போதைப்பொருள்களின் வரலாறு இதற்கு எதிரான சான்றுகளையும் தருகின்றது. அமெரிக்கச் சமூகவியலாளர் அல்பிரட் லிண்ட்ஸ்மித் 1947இல் வெளியிட்ட நூலில், மருத்துவமனையில் மோர்பின் பெற்ற நோயாளிகளை அபின் அடிமைகளோடு ஒப்பிட்டார். மருந்து நின்றபின் தோன்றும் துன்பத்தை மருந்தோடு தொடர்புபடுத்தி அறியாதோர் அடிமைகளாவதில்லை. தன் துன்பத்தின் காரணத்தை அறிந்து, அதனைத் தணிக்க மீண்டும் அப்பொருளை நாடுபவனே தன்னை அடிமையாகக் காணத் தொடங்குகிறான் என்பது அவர் வாதம்.

வியட்னாம் போர் இதனைவிடப் பெரிய சான்றை வழங்கியது. அங்கு மலிவாகவும் செறிவாகவும் கிடைத்த ஹெரோயினை அமெரிக்கப் போர்வீரர் பெருமளவிற் பயன்படுத்துகின்றனர் என்னும் செய்தி 1971இல் வொஷிங்ரனை அதிரவைத்தது. நாடு திரும்புமுன் ஒவ்வொருவரின் சிறுநீரும் சோதிக்கப்படலாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் திரும்பியோருள் ஏறத்தாழ 900 பேரை, சென் லூயிஸ் நகரின் வொஷிங்ரன் பல்கலைக்கழகப் பேராசிரியை லீ றொபின்ஸின் குழுவினர் மறு ஆண்டில் நேர்கண்டனர். வீரர்களுட் பாதிக்குச் சற்றுக் குறைந்தோர் அபினையோ ஹெரோயினையோ அங்குப் பயன்படுத்தியிருந்தனர். ஐவரில் ஒருவர் அதற்கு அடிமையாகியிருந்தார். ஆனால், அவ்வாறு அடிமையானோருள் நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு 5 பேர் அளவினரே. மூன்றாண்டுக் காலத்தைக் கணக்கிட்டாலும் அவ்வீதம் 12ஐத் தாண்டவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் நாடு திரும்பியபின் சிகிச்சை எதுவும் பெறவில்லை.

இதற்குரிய காரணங்கள் பல. நாட்டில் ஹெரோயின் அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்தது. போரின் அச்சமும் சலிப்பும் நீங்கின. பெயரின் பங்கினை இவ்வாய்வு தனியே பிரித்து அளக்கவில்லை. ஆயினும், மகனாகவும் கணவனாகவும் தொழிலாளியாகவும் ஏற்றுக்கொள்ளும் இடங்கள் அவ்வீரருக்குக் காத்திருந்தன. வியட்னாமில் ஹெரோயினைப் பயன்படுத்தியவர் என்பது இறந்தகாலம் காட்டும் கூற்றாகவே அவர்களிற் பலருக்கு அமைந்தது. 1986இல் பற்றிக் பியர்னாக்கி வெளியிட்ட ஆய்வும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. சிகிச்சையின்றி ஹெரோயினை விட்ட 101 பேரை நேர்கண்ட அவர், மீட்சியின் மையத்தில் அடையாள மாற்றத்தைக் கண்டார். பெற்றோர், மாணவர், தொழிலர் முதலிய வேறோர் அடையாளம் பழையதாக மீட்கப்பட்டோ புதிதாக ஆக்கப்பட்டோ இருந்தவர்களுக்கு வெளியேறும் வழி இருந்தது. வாழ்க்கை முழுவதும் அப்பொருளைச் சுற்றியே அமைந்து, வேறு பெயரே இல்லாதிருந்தோர்க்கு அவ்வழி மிகக் கடினமாயிருந்தது.

பெயரின் பயன்

இவை யாவற்றையும் ஒருங்கு நோக்கும்போது ஒரு பொதுமை புலப்படுகின்றது. ஹான்ட்சம் லேக்கின் மக்கள் சுமத்தப்பட்ட பெயரை மறுத்து மீண்டனர். அக்ரன் நகரத்தார் அதே பெயரைத் தாமே ஏற்று மீண்டனர். வியட்னாமிலிருந்து திரும்பியோர் பலர் அப்பெயரைப் பெறாமலே மீண்டனர். வழிகள் மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்படுவன போலத் தோன்றும். ஆனால், மூன்றிலும் மனிதன் சென்று சேர்வதற்கு ஓரிடம் இருந்தது. அவ்விடத்தில் அவனை அவனாக ஏற்றுக்கொள்ளும் மனிதரும் இருந்தனர். அத்தகைய இடம் இல்லாதபோது, இரக்கத்தோடு இடப்பட்ட நோய்ப்பெயரும் மனிதனைக் கைவிடுவதற்கு உதவியதை 1826ஆம் ஆண்டுச் சங்கத்தின் போக்குக் காட்டுகின்றது.

மருத்துவ உலகம் இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1964இல் ‘அடிமைநிலை’ என்னும் சொல்லுக்குப் பதிலாகச் ‘சார்ந்திருத்தல்’ என்பதைப் பரிந்துரைத்தது. 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கைந்நூலின் ஐந்தாம் பதிப்பு, ‘மதுசாரப் பயன்பாட்டுக் குறைபாடு’ என மென்மை, நடுத்தரம், கடுமை என்னும் படிநிலைகளோடு அதனை வகைப்படுத்தியது. ஆளைக் குறித்த பெயர் மீண்டும் செயலை நோக்கித் திரும்புகின்றது எனலாம்.

சொல்லை மாற்றுவதால் மட்டும் துன்பம் தீர்ந்துவிடாது. மதுசாரம் ஈரலை அழிப்பதும், கூலிப்பணம் தவறணையில் கரைவதும், மனைவி மக்கள் அடிபடுவதும் பெயரால் விளைந்தன அல்ல. அவற்றுக்கு அவன் பொறுப்பேற்கவே வேண்டும். ஆனால், பொறுப்பு என்பது செயலுக்குரியது. நாளை வேறு விதமாகச் செயற்படக்கூடியவன் என நம்பப்படுபவனிடமே அதனைக் கேட்க முடியும். குடிகாரன் எனப் பெயரிட்டு ஒதுக்குவோர் அப்பெயரை அவனோடு நிறுத்திக்கொள்வதுமில்லை; குடிகாரன் மனைவி, குடிகாரன் பிள்ளை என அது வீடு முழுவதையும் மூடுகின்றது. ‘குடி’ என்னும் சொல்லுக்குத் தமிழிலே குடும்பம், குலம் என்னும் பொருள்களும் உண்டு. அக்குடியினுள் அவன் திரும்பி வருவதற்குக் கதவு திறந்திருக்கும்வரையே அவன் ‘குடித்தவன்’ ஆக முடியும். அக்கதவைத் திறப்பதோ அடைப்பதோ அவன் ஒருவன் கையில் மட்டும் உள்ளதன்று.